பக்கத்துப் பல்லின் பாரம்

அம்மம்மாவின் கட்டில் தலைமாட்டில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் இருக்கும். அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் மூன்று பல்லு. இளஞ்சிவப்புத் தட்டொன்றில் முளைத்ததுபோல இரண்டு முன்பல், ஒரு வேட்டைப்பல், இரண்டு பக்கமும் வளைந்த கம்பி. சின்னனில் நாங்கள் அந்தப் பக்கமே போகமாட்டோம். விடிய எழும்பி முகம் கழுவி, அதை எடுத்து வாய்க்குள் வைத்து நாக்கால் ஒரு தள்ளுத் தள்ளுவா. ‘டக்’ எண்டு ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் ஆரோடையும் கதைப்பா.

போன மாதம் அம்மாவுக்குக் கீழ்க்கடைவாயில் இரண்டு பல்லுப் பிடுங்கியாயிற்று. அந்தப் பக்கம் அதற்குப் பின்னால் இனிப் பல் இல்லை. வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. கனடாவில் இருக்கிற மாமா போனில், “அக்கா, உந்தக் கம்பி வேலையெல்லாம் வேண்டாம். இம்பிளான்ட் போடுங்கோ, காசை நான் பாக்கிறன்” என்றார். சித்திக்கு அது பிடிக்கவில்லை. “ரெண்டு பல்லுக்கு லட்சக்கணக்கிலயோ? அம்மா முப்பது வருசம் கம்பிப் பல்லோட சீவிக்கேல்லையே?” அம்மா ஒன்றும் சொல்லாமல் மற்றப் பக்கத்தால் சோற்றைச் சப்பிக்கொண்டிருந்தா. கடைசியில் “நீ படிச்சனிதானே, தேடிப் பாத்துச் சொல்லு” என்று வேலை என் தலையில் விழுந்தது.

விலைப்பட்டியல் தேடப்போய் நான் வரலாற்றுக்குள் விழுந்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், கழட்டிப் போடுகிற இந்தப் பல்லு எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சொந்தப் பல்லுக்கு வேர் இருக்கிறது, கடிக்கிற பாரம் வேரால் எலும்புக்குள் இறங்கும். கழட்டிப் போடுகிற பல்லுக்கு வேர் இல்லை. ஆனால் கடிக்கிற பாரம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும். அது இரண்டு இடத்துக்குத்தான் போகலாம்: ஒன்று முரசு (மலையகத்தில் ஈறு என்பார்கள்), மற்றது மிச்சமாய் நிற்கிற பக்கத்துப் பல்லு. கம்பி கவ்விப் பிடிப்பது அந்தப் பக்கத்துப் பல்லைத்தான். அப்படியென்றால் கழட்டிப் போடுகிற பல் எதுவும் தன் காலில் நிற்பதில்லை, யாரிலோ சாய்ந்துதான் நிற்கிறது. யாரில் சாய்கிறது, அந்த ஆளுக்கு என்ன நடக்கிறது? இந்த வரலாற்றை வாசிக்கும்போது எனக்குத் திரும்பத் திரும்ப வந்த கேள்வி அதுதான்.

விழுந்த பல்லுக்குப் பதில் பல் கட்டின ஆக்களில் மிகப் பழைய கூட்டமாக நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள், மத்திய இத்தாலியில் உரோமர்களுக்கு முன்பிருந்த எட்ருஸ்கர்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டளவிலிருந்து அவர்களுடைய கல்லறைகளில் தங்கப் பட்டி சுற்றிய பற்கள் கிடைத்திருக்கின்றன. மெல்லிய தங்கத் தகட்டை நல்ல பற்களைச் சுற்றி வளைத்து, இடையில் விழுந்த பல்லின் இடத்தில் மனிதப் பல்லையோ மாட்டுப் பல்லையோ செதுக்கிப் பொருத்தினார்கள். ‘பல்லுக் கட்டுறது’ என்ற எங்கட பேச்சு இதற்கு அச்சொட்டாய்ப் பொருந்தும். உரோமர்களின் பன்னிரு பலகைச் சட்டம் (கி.மு. 5ஆம் நூற்றாண்டு) செத்தவரோடு தங்கத்தைப் புதைக்கக் கூடாது என்று தடுத்தது. ஆனால் பல்லைக் கட்டின தங்கத்துக்கு மட்டும் விலக்கு. செத்த வீட்டில் பிணத்தின் வாயைத் திறந்து தங்கம் கழட்டுகிற காட்சியைத் தவிர்க்க நினைத்தார்களோ என்னவோ.

அது கழட்டாத பல். கழட்டி மாட்டுகிற பல்லைப் பற்றி உரோமக் கவிஞர் மார்ஷியல் கி.பி. முதலாம் நூற்றாண்டில் நக்கலடிக்கிறார்: ஒரு பெண் இரவில் பட்டு உடையைக் கழட்டி வைப்பதுபோல் பல்லையும் கழட்டி வைக்கிறாளாம். இரண்டாயிரம் வருசமாய் மாறாத பகிடி. அம்மம்மாவின் கிளாஸைப் பார்த்து நாங்கள் அடித்த பகிடியும் அதுதான்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் ஐரோப்பாவில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. ஜப்பானில் மட்டும் மரம் செதுக்குகிறவர்கள் பொய்ப்பல் செய்துகொண்டிருந்தார்கள். 1538இல் காலமான நகஓகா தெய் என்ற பௌத்தத் துறவியின் மேல்வாய்ப் பல்லு, ஒரே மரத்துண்டில் குடைந்தது, இன்றும் இருக்கிறது. அது வாய்க்கு அளவாய்ப் பொருந்தி ஒட்டி நின்றது.

1728இல் பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார் பல்வைத்தியத்துக்கென்று இரண்டு பாகத்தில் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். சந்தையில் பல் பிடுங்குகிறவர்களின் கைவேலையாக இருந்ததை ஒரு துறையாக்கிய நூல் அது. அதில் ஒரு பல், இரண்டு பல், ஒரு வரிசை எல்லாவற்றுக்கும் கட்டுகிற முறை உண்டு. நீர்யானைத் தந்தம், மாட்டெலும்பு, மனிதப் பல் இவற்றைச் செதுக்கி, நூலாலோ தங்கக் கம்பியாலோ பக்கத்துப் பல்லில் கட்டுவது. 1746இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் குளோட் மூத்தோன், கட்டுவதற்குப் பதிலாகத் தங்கத்தில் கவ்வி செய்யலாம் என்றார். அம்மம்மாவின் ‘டக்’ சத்தத்தின் கொள்ளுத்தாத்தா அந்தக் கவ்விதான்.

தந்தத்துக்கு ஒரு குணம் உண்டு. அதுவும் எலும்புபோல ஊறும், உக்கும், நாறும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பணக்காரப் பெண்கள் விசிறியை வாய்க்கு முன்னால் பிடித்தது வடிவுக்காக மட்டும் இல்லை.

இனி ஜோர்ஜ் வொஷிங்டன். அவருக்கு மரப்பல் இருந்தது என்று பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது கட்டுக்கதை. 1789 ஏப்ரலில் நியூயோர்க்கில் அமெரிக்காவின் முதல் சனாதிபதியாகச் சத்தியம் செய்தபோது அவருடைய வாயில் சொந்தப் பல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். ஜோன் கிரீன்வூட் என்ற பல்வைத்தியர் அவருக்குச் செய்த தட்டு நீர்யானைத் தந்தத்தில் செதுக்கியது, அதில் மனிதப் பற்கள் பதித்திருந்தன. கீழ்த்தட்டில் ஒரு ஓட்டை. மிச்சமிருந்த அந்த ஒற்றைப் பல் நுழைவதற்கு. முழுத் தட்டையும் நிலைநிறுத்தியது அந்த ஒரு பல். சில வருசத்தில் அதுவும் ஆடி, 1796இல் பிடுங்கவேண்டி வந்தது. கிரீன்வூட் அதை ஒரு சின்னப் பதக்கப் பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டார்.

இந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு வரி இருக்கிறது. 1784 மே மாதம், வொஷிங்டனின் மவுன்ட் வேர்னன் தோட்டத்துக் கணக்கில், ஒன்பது பல்லுக்காக ‘நீக்ரோக்களுக்கு’ ஆறு பவுண் இரண்டு சிலிங் கொடுத்ததாகப் பதிவு. ‘டொக்டர் லெமோயர்’ கணக்கில் என்று எழுதியிருக்கிறது. வொஷிங்டனுக்குப் பல் பார்த்த பிரெஞ்சு வைத்தியர் லெ மேயர்தான் அந்த ஆள். ஒன்பது பல்லும் யாருடைய வாய்க்குள் போனது என்று அந்த வரி சொல்லவில்லை. யாருடைய வாயிலிருந்து வந்தது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை: அவருடைய தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் வாயிலிருந்து.

காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள் என்று சிலர் சொல்லலாம். அதே லெ மேயர் பத்திரிகையில் விளம்பரம் போட்டுப் பல் வாங்கியவர். நல்ல முன்பல் ஒன்றுக்கு இரண்டு கினி, அதாவது 42 சிலிங், தருவதாகச் சொன்னார். அடிமைகளுக்கு இந்த விலை இல்லை என்றும் விளம்பரத்திலேயே போட்டிருந்தார். ஆறு பவுண் இரண்டு சிலிங்கை ஒன்பதால் பிரித்துப் பாருங்கள், ஒரு பல்லுக்குப் பதின்மூன்றரைச் சிலிங். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதோடு, ‘மாட்டேன்’ என்று சொல்ல உரிமை இல்லாத ஒருவரிடமிருந்து வாங்குவதை வாங்குவது என்று சொல்லலாமா? எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

மனிதப் பல்லுக்கு இப்படி ஒரு சந்தை இருந்ததால்தான் 1815இல் வாட்டர்லூ யுத்தம் முடிந்ததும், செத்துக் கிடந்த இளம் சிப்பாய்களின் வாயிலிருந்து பல்லைப் பிடுங்கினார்கள். இளசுகளின் பல், சூத்தை இல்லாத பல். ‘வாட்டர்லூப் பல்’ என்ற பெயரே நிலைத்தது. இதற்கு மாற்றாகப் பீங்கான் வந்தது. தன் தந்தப் பல்லின் நாற்றம் தாங்காமல் அலெக்சி டியூஷாத்தோ என்ற மருந்துக்காரர் 1774இல் பீங்கானில் செய்து பார்த்தார். 1808இல் பாரிஸில் ஃபோன்சி தனித்தனிப் பீங்கான் பற்களைச் செய்தார். பீங்கான் நாறாது, உக்காது. பல்லுக்கு வழி கிடைத்தது. ஆனால் பல்லைத் தாங்குகிற தட்டு இன்னும் தங்கத்திலும் தந்தத்திலும்தான். ஏழைக்கு எட்டாது.

அதை எட்டவைத்தது இறப்பர்.

சார்ள்ஸ் குட்இயர் இறப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டதும், அவருடைய தம்பி நெல்சன் 1851இல் கல்லுப்போல இறுகும் இறப்பருக்கு உரிமம் எடுத்தார். வல்கனைட் என்பது அதுதான். மெழுகில் வாயின் அச்சை எடுத்து, மாதிரி செய்து, அதில் இறப்பரை வைத்து அவித்தால் முரசுக்கு அளவாய்ப் பொருந்தும் தட்டு ஒன்று கிடைக்கும். நிறம் கருஞ்சிவப்பு, பார்க்க வடிவில்லை. ஆனால் மலிவு. ஏறத்தாழ அதே காலத்தில், 1846இல், பொஸ்டனில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் மயக்கத்தைக் காட்டினார். அவரும் ஒரு பல்வைத்தியர், பொய்ப்பல் கட்டுகிறவர். வேரைப் பிடுங்க ஆக்கள் பயந்ததுதான் அவருடைய தொழிலுக்குத் தடை. ஆகவே பத்துப் பதினைந்து வருசத்துக்குள் இரண்டும் ஒன்றாய்க் கைக்கு வந்தன: நோகாமல் பிடுங்கவும் வழி, மலிவாய்க் கட்டவும் வழி.

மலிவான பொருளுக்கும் ஒரு முதலாளி வந்துவிடுவார். 1864இல் ஜோன் கமிங்ஸ் என்பவருக்கு வல்கனைட் பல்தட்டுக்கு உரிமம் கிடைத்தது. அதை வைத்து குட்இயர் டென்டல் வல்கனைட் கொம்பனி, அமெரிக்காவின் ஒவ்வொரு பல்வைத்தியரிடமும் வருசக் கட்டணமும், கட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் பங்கும் கேட்டது. கட்டாதவர்கள் மேல் வழக்கு. கொம்பனியின் பொருளாளர் ஜொசையா பேக்கன் ஊர் ஊராய்ப் போய், தானே நின்று வழக்குப் போட்டார். சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல்வைத்தியர் அவருக்குக் கட்டணம் கட்ட மறுத்து, கிழக்கிலிருந்து மேற்காக ஊர் மாறி ஊர் மாறி ஓடினார். பேக்கன் விடவில்லை. 1879 ஏப்ரல் 13, உயிர்த்த ஞாயிறு. சான் பிரான்சிஸ்கோவின் ஒரு ஹோட்டல் அறையில் சால்ஃபன்ட் பேக்கனைச் சுட்டுக் கொன்றார். பத்து வருசச் சிறை. செய்தி கேட்டுப் பல்வைத்தியர்கள் சிலர் உள்ளுக்குள் சந்தோசப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். 1881இல் உரிமம் காலாவதியானது, தட்டு எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இடையில் ஒரு சங்கதி. பேக்கன் சுடப்படுவதற்கு மூன்று வருசத்துக்கு முன், 1876இல், ஹென்றி விக்ஹாம் அமேசன் காட்டிலிருந்து கொண்டுபோன இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, ஏறத்தாழ 1,900 கன்றுகள் இலங்கைக்கு வந்தன. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடவில் நட்டார்கள். களுத்துறை, கேகாலைப் பக்கம் இறப்பர் தோட்டங்கள் எழும்பியதும், அங்கே பால் வெட்டத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்ச் சனம் நின்றதும் அதற்குப் பிறகுதான். உலகச் சந்தையில் காட்டு இறப்பரைத் தோட்ட இறப்பர் முந்தியது 1910களில். வல்கனைட் பல்லு 1930கள் மட்டும் உலகமெங்கும் வாயில் இருந்தது. மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மலிவுப் பல் வந்தது நல்லதுதானே? நல்லதுதான். ஆனால் அது இன்னொன்றையும் கொண்டுவந்தது. பல்லுக் கட்டுவது மலிவானதும், பல்லைக் காப்பாற்றுவதைவிடப் பிடுங்குவது லாபமாயிற்று. 1910இல் இங்கிலாந்து வைத்தியர் வில்லியம் ஹன்டர், சூத்தைப் பல்லுக்கு மேலே தங்கம் போட்டு மூடுவதால்தான் உடம்பெல்லாம் நோய் பரவுகிறது என்று ஒரு பேச்சுப் பேசினார். அவர் குறைசொன்னது மோசமான பல்வேலையை. ஆனால் அதைக் கேட்டவர்கள் மூட்டு நோவுக்கும் மனநோய்க்கும்கூடப் பல்லைப் பிடுங்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் சில பகுதிகளில் கலியாணத்துக்கு முன் பெண்ணின் பல்லையெல்லாம் பிடுங்கிச் செட் கட்டிக் கொடுக்கிற வழக்கமே இருந்தது. பிற்காலத்தில் புருசனுக்குச் செலவு வராதாம். சீதனம் என்றால் எங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

1948 யூலையில் பிரித்தானியா இலவச சுகாதார சேவையைத் தொடங்கியபோது பல்லுக் கட்ட வந்த கூட்டம் யாரும் எதிர்பாராதது. வருசக்கணக்கில் வெறும் முரசால் சாப்பிட்டவர்கள் எல்லோரும் வரிசையில் வந்தார்கள். மூன்று வருசத்தில் அரசாங்கத்துக்குக் காசு முட்டியது. கொரிய யுத்தத்துக்கு ஆயுதச் செலவு வேறு. 1951 வரவுசெலவுத் திட்டத்தில் பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் அரைவாசிச் செலவைச் சனம் கட்டவேண்டும் என்றார்கள். அந்தச் சேவையை உருவாக்கிய அனுரின் பெவன் அமைச்சர் பதவியைத் தூக்கியெறிந்துவிட்டுப் போனார். பல்லுக்காக அமைச்சர் ஒருவர் பதவி விலகினார் என்று கேட்க எங்கட நாட்டில் பகிடியாய் இருக்கும். 1968இல் எடுத்த கணக்கில், இங்கிலாந்திலும் வேல்சிலும் வளர்ந்தவர்களில் 37 வீதம் பேருக்கு வாயில் ஒரு சொந்தப் பல்லும் இல்லை. செட்டுக் கொடுப்பதை மட்டும் பல்வைத்தியம் என்று நினைத்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அந்த ஒரு எண் காணும்.

வேறு வழியில் யோசித்தவர்களும் இருந்தார்கள். நியூயோர்க்கில் எட்வேர்ட் கென்னடி 1925இல் பல் விழுந்த வாய்களை நான்கு வகையாகப் பிரித்தார். இன்றும் பல்வைத்திய மாணவர்கள் முதலில் படிப்பது அதைத்தான். அவர் பார்த்தது எத்தனை பல் போயிற்று என்பதையல்ல, இடைவெளிக்குப் பின்னால் தாங்கப் பல் இருக்கிறதா என்பதை. இரண்டு பக்கமும் பல் இருந்தால் தட்டு பாலம்போல இரண்டிலும் சாயும். பின்னால் பல் இல்லை என்றால், அம்மாவுக்கு இப்போது இருப்பதுபோல, தட்டின் வால் வெறும் முரசில்தான் கிடக்கும். முரசு மெத்தைபோல அமுங்கும், பல் அமுங்காது. ஒவ்வொரு கடிக்கும் தட்டு கொஞ்சம் தாழ, கம்பி முன்னால் நிற்கிற பல்லைப் பிடித்து ஆட்டும். வேலிக்கட்டையை நாளுக்கு நூறு தரம் ஆட்டினால் என்ன ஆகும்?

அதே 1920களில், கவ்வியை எங்கே வைத்தால் பல்லுக்கு இழுவை குறையும் என்று அளந்து பார்க்கிற கருவி வந்தது. 1929இல் கோபால்ட்-குரோமியக் கலப்பு பல்வேலைக்கு வந்தது. தங்கத்தைவிட மலிவு, மெல்லிசாக வார்க்கலாம், வளையாது. பாரத்தைப் பல்லின் மேல் நேராக இறக்கும்படி சின்னத் தாங்கிகளும் அதில் வைக்கலாம். 1937இல் அக்ரிலிக் வந்து வல்கனைட்டைத் துரத்தியது. அம்மம்மாவின் இளஞ்சிவப்புத் தட்டு அக்ரிலிக். உலோகத் தட்டைவிட அதுவே மலிவு, செய்யவும் சுகம். ஆனால் தாங்கி இல்லாத அக்ரிலிக் தட்டு, குறிப்பாகக் கீழ்வாயில், முரசோரத்தை அமத்தி அமத்திக் கீழே தள்ளும். இங்கிலாந்துப் பல்வைத்தியர்களே அதற்கு ‘முரசு உரிக்கிற தட்டு’ என்ற மாதிரி ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் வாசித்துக்கொண்டு போகையில்தான் பூண்டுலோயா என்ற பெயர் கண்ணில் பட்டது. நான் எதிர்பார்க்கவே இல்லை.

உலகத்தில் எங்கே முரசு நோயைப் பற்றிப் படித்தாலும் ஒரு ஆய்வு வரும். நோர்வேக்காரரான ஹரால்ட் லோவும் கூட்டாளிகளும் செய்தது. கவனிக்காமல் விட்டால் முரசு நோய் மனிதருக்கு என்ன செய்யும் என்பது அவர்களுடைய கேள்வி. ஒரு பக்கத்துக்கு ஒஸ்லோவின் மாணவர்களையும் படித்தவர்களையும் எடுத்தார்கள், சின்னவயது தொடக்கம் நல்ல பல்வைத்தியம் கிடைத்தவர்கள். மறுபக்கத்துக்குப் பல்வைத்தியமே கிடைக்காதவர்கள் வேண்டும். 1970இல் டன்சினன், ஹரோ ஆகிய இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 தமிழ்த் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். எல்லோரும் ஆண்கள், 14 வயதிலிருந்து 31 வயது வரை. பல் துலக்கும் பழக்கம் இல்லாதவர்கள், பல்வைத்தியம் என்ற ஒன்று எட்டாதவர்கள். 1985 வரை திரும்பத் திரும்பப் போய் அளந்தார்கள்.

1986இல் முடிவு வெளியானது. 11 வீதமானவர்களுக்கு நோய் முரசின் மேலோடு நின்றது, ஆழமாய்ப் போகவில்லை. 81 வீதமானவர்களுக்கு மெதுவாய் முன்னேறியது. 8 வீதமானவர்களுக்கு வேகமாய். அந்த எட்டு வீதத்தில் உள்ளவர்கள் 45 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பல்லையும் இழந்தார்கள். கவனிக்காமல் விட்டாலும் எல்லோருக்கும் பல் விழாது, சிலருக்கு மட்டும் வேகமாய் விழும், அதனால் ஆளுக்கு ஆள் வேறாய்ப் பார்க்கவேண்டும் என்ற அறிவு அதிலிருந்துதான் வந்தது. பெரிய அறிவு. இன்று ஒஸ்லோவிலும் கொழும்பிலும் யாருக்காவது முரசுக்கு வைத்தியம் பார்க்கும்போது அதன் பின்னால் பூண்டுலோயா இருக்கிறது.

ஆனால் அந்தப் பதினைந்து வருசம் மலையகத்தில் என்ன வருசங்கள்? 1948இல் பறித்த குடியுரிமை பெரும்பாலானவர்களுக்கு இன்னும் திரும்பவில்லை. ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி குடும்பம் குடும்பமாய் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். 1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம். 1977, 81, 83 வன்செயல்கள். இதற்கு நடுவில் ஒருவர் கண்ணாடியும் அளவுகோலும் கொண்டுவந்து வாயைத் திறக்கச் சொல்லி, பல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று மில்லிமீற்றரில் எழுதிக்கொண்டு போகிறார். 1985இல் கடைசி அளவுக்கு 161 பேர் மிச்சம். 2010இல் இன்னொரு குழு போய்த் தேடி 75 பேரைக் கண்டுபிடித்தது. நாற்பது வருசத்தில் அவர்கள் இழந்தது சராசரியாக ஆளுக்கு 13 பல். 12 பேருக்கு ஒரு பல்லும் இல்லை.

அந்த ஆய்வாளர்களைக் கெட்டவர்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. அந்த நோயை உண்டாக்கியது அவர்கள் அல்ல, தோட்டத்துக்குப் பல்வைத்தியர் வராமல் பார்த்துக்கொண்டதும் அவர்கள் அல்ல. ஆனால் வைத்தியமே இல்லாத ஒரு கூட்டம் ஒரே இடத்தில், ஒரே வேலையில், ஒரே சாப்பாட்டில் இருக்கிறது, ஆய்வுக்கு அருமையான இடம் என்று ஒரு தாளில் எழுதமுடிகிற நிலைமை இருந்ததே, அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. மவுன்ட் வேர்னனில் ஒன்பது பல். டன்சினனிலும் ஹரோவிலும் 480 வாய். இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. இரண்டிலும் பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டும் இருக்கிறது.

சரி, அம்மாவுக்கு வருவோம்.

கழட்டிப் போடுகிற பல்லைப் பற்றி எனக்கு ஒரு முன்முடிவு இருந்தது: அது ஏழையின் பல், காசிருந்தால் யாரும் அதைத் தெரிவுசெய்யமாட்டார்கள். அரைவாசி உண்மை. பெர் இங்வார் பிரோனெமார்க் 1965இல் ஸ்வீடனில் முதல் ஆளுக்கு டைட்டேனிய வேர் பதித்த பிறகு, பக்கத்துப் பல்லில் சாயாத பல் என்று ஒன்று வந்தது. இம்பிளான்ட்டின் பெருமை அதுதான். பாரத்தை அது தானே எலும்புக்குள் இறக்குகிறது. ஆனால் அதற்கு எலும்பு வேண்டும், காசு வேண்டும், முரசு நோய் அடங்கியிருக்கவேண்டும். நோய் இருக்கிற வாயில் இம்பிளான்ட்டைச் சுற்றியும் அதே மாதிரி நோய் வரும். மாமா இதைச் சொல்லவில்லை. ஒட்டிவிடுகிற பாலத்துக்கு இரண்டு பக்கத்துப் பல்லையும் அராவவேண்டும், அம்மாவுக்குப் பின்பக்கம் பல்லே இல்லை.

கழட்டிப் போடுகிற பல்லு? ஸ்வீடனில் போ பெர்க்மனும் கூட்டாளிகளும் அப்படிப் பல்லுக் கட்டியவர்களை 25 வருசம் தொடர்ந்து பார்த்தார்கள். 1995இல் எழுதினார்கள்: ஒழுங்காய்ச் சுத்தம் செய்து, வருசாவருசம் வைத்தியரிடம் காட்டினவர்களுக்கு மிச்சப் பல் பெரிதாய்ப் பழுதாகவில்லை. அப்படியென்றால் குற்றவாளி தட்டு அல்ல. கட்டிவிட்டுப் ‘போயிட்டு வாங்கோ’ என்று விட்டுவிடுவதுதான். சித்தியின் கணக்கில் இது இல்லை. தட்டு மலிவு, தட்டுக்குப் பிறகு வருகிற முப்பது வருசத்தைத்தான் யாரும் விலை போடுவதில்லை. இரவில் கழட்டித் தண்ணீரில் போடவேண்டும். தட்டையும், அதைவிட முக்கியமாய்க் கம்பி பிடிக்கிற பல்லையும் துலக்கவேண்டும். கொதிதண்ணியில் போட்டால் அக்ரிலிக் கோணிவிடும். தட்டு உரசி வந்த புண் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாவிட்டால், வெற்றிலை போடுகிறவர்கள் கட்டாயம், காட்டவேண்டும்.

நான்காவது வழி ஒன்றும் உண்டு, அதை எங்கட வீட்டு மாநாட்டில் யாரும் வாயால் எடுக்கவில்லை: ஒன்றும் செய்யாமல் விடுவது. நெதர்லாந்தின் ஆர்ன்ட் கைசர் 1981இல் எழுதினார், பின்கடைவாய்ப் பற்கள் போனாலும் முன்னால் ஏறத்தாழ இருபது பல் நல்லாய் ஒன்றோடொன்று கடிபட நின்றால் பெரும்பாலானவர்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறையில்லை என்று. எல்லா இடைவெளியும் நிரப்பவேண்டிய இடைவெளி இல்லை. முன்பல் விழுந்தால் கதை வேறு, அது முகத்தோடும் பேச்சோடும் சம்பந்தப்பட்டது. அம்மம்மா பல்லைப் போடாமல் ஆரோடையும் கதைக்காதது எனக்கு இப்போது விளங்குகிறது.

அம்மாவை ஒரு பல்வைத்தியரிடம் கூட்டிப்போனேன். எந்தப் பல்லுக் கட்டலாம் என்று கேட்கப் போனோம், அவர் கம்பியையும் இம்பிளான்ட்டையும் கதைக்காமல், மிச்சமிருக்கிற ஒவ்வொரு பல்லையும் ஆட்டிப் பார்த்தார், ஒவ்வொன்றின் முரசையும் அளந்து எழுதினார். கீழே 12 பல், மேலே 14. முரசைச் சுத்தம் செய்து மூன்று மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகும் சப்ப ஏலாமல் இருந்தால் மாத்திரம் கட்டுவோம், கட்டினாலும் தாங்கி வைத்த உலோகத் தட்டு என்றார். அம்மா “அப்ப ஒண்டும் இல்லாம இருக்கலாமோ?” என்று இரண்டு தரம் கேட்டா. மாமாவுக்குப் போனில் சொல்ல, அவர் கொஞ்சம் மனவருத்தப்பட்டார்.

அம்மம்மாவின் தட்டு இப்பவும் அம்மாவின் அலுமாரி லாச்சிக்குள், பழைய மருந்துப் பெட்டியொன்றில் இருக்கிறது. செத்த வீட்டு அமளியில் அதை அவவின் வாயில் வைக்க எல்லோரும் மறந்துபோய்விட்டோம். போன கிழமை எடுத்துப் பார்த்தேன். நான் சின்னனில் கண்ட மூன்று பல் இல்லை, ஏழு. அக்ரிலிக்கில் இரண்டு நிறம், பழைய இளஞ்சிவப்பு வெளிறியிருக்கிறது, பிறகு ஒட்டினது கொஞ்சம் கடும் நிறம். கடும் நிறத்தில் நான்கு பல். முதலில் கம்பி இருந்த இரண்டு இடத்திலும் இப்போது கம்பி இல்லை, வெட்டின தடம்தான் இருக்கிறது. அந்த இரண்டு இடத்திலும் பொய்ப்பல்.